பாட்டி சொன்ன புழுங்கலரிசி

"பாட்டி ஏன் சார் புழுங்கலரிசிதான் நல்லதுங்கிறாங்க?" என்று கம்போங் ராஜாவில் என் மாணவன் கேட்டான்.

அன்றைய மலாயாவில் வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரி நோயால் கால் வீங்கி மடிந்தனர். புழுங்கலரிசி உண்ட நம்மவரை அந்நோய் அவ்வளவாக அண்டவில்லை. இதைக் கவனித்த டாக்டர் பிராடன், பழைய பச்சரிசியில் விஷம் உண்டு என்று முடிவு கட்டினார்.

1905-இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் டாக்டர் பிளெட்சர் பாதிப்பேருக்குப் பச்சரிசியும் மீதிப்பேருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களைத்தான் நோய் வாட்டியது, பலர் இறந்தனர்.

கண்டது சரி, விஷம் என்ற கருத்துத்தான் தவறு. தீட்டும்போது தவிட்டோடு போவது வைட்டமின் பி1. நெல்லை அவித்தால் அது அரிசிக்குள் இறங்கிவிடும்.

கண்டதைக் குறிக்காத கருத்து வெறும் ஊகம். காரணம் தேடாத குறிப்பு வெறும் கணக்கு. பிள்ளைகளே, இரண்டும் வேண்டும். அந்த ஏழைகள் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம் இது.