அனல் தணிக்கும் அட்டை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தென்காசி மாவட்டத்தில் அமைந்த ஊர் சிவகிரி. கோடை வெயில் இங்கு வீட்டுக்குள்ளும் புகுந்து வாட்டும். பருவக்காற்று வீசும் மாதங்களில் புழுதியும் உடன்வரும். இத்தகைய ஊரில் கணினி ஒன்று வேலையின் நடுவே தடுமாறி நின்றால், அது பழுதுற்றது என முடிவு செய்யும் முன் அதன் வரைகலை அட்டையை ஆராய்தல் நன்று.

வரைகலை அட்டை, திரையில் தோன்றும் காட்சிகளைக் கணக்கிட்டு உருவாக்கும் உறுப்பாகும். 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் கொண்ட திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை காட்சி மாறினால், ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளின் நிறம் ஒவ்வொரு நொடியும் முடிவாக வேண்டும். நடவு வயலில் பலர் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் நாற்று நடுவதுபோல, அட்டையின் செயலிச் சில்லில் உள்ள எண்ணற்ற சிறு அலகுகள் இப்பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. சில்லைச் சூழ்ந்துள்ள நினைவகச் சில்லுகள் தரவுகளைத் தாங்குகின்றன. மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் அடங்கிய பகுதி, 12 வோல்ட் மின்னழுத்தத்தைச் சில்லுக்கு உகந்த ஏறத்தாழ 1 வோல்ட்டாகக் குறைத்து வழங்குகிறது.

செலவாகும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாக மாறுகிறது. 2022ஆம் ஆண்டு வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 அட்டையின் மின்திறன் 450 வாட். இது 75 வாட் திறனுடைய ஆறு மின்விசிறிகள் கொள்ளும் மின்சாரத்திற்கு ஒப்பாகும். இவ்வெப்பத்தின் பெரும்பகுதி, அஞ்சல்தலை அளவேயுள்ள சில்லில் தோன்றுகிறது.

அதனை வெளியேற்றும் பாதை சில்லின் மேற்பரப்பிலேயே தொடங்குகிறது. சில்லுக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே கண்ணுக்குப் புலனாகாத இடைவெளிகள் உண்டு. வெப்பத்தை எளிதில் கடத்தாத காற்று அங்குத் தங்காதவாறு வெப்பப் பசை நிரப்புகிறது. அடுத்துள்ள செம்புக் குழாய்களில் சிறிதளவு நீர், குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டுள்ளது. அந்நீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, குழாயின் உட்சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே திரும்புகிறது. மண்பானையும் நீர் ஆவியாவதாலேயே குளிர்கிறது. பானை நீரை இழக்கிறது, குழாயோ இழப்பதில்லை. குழாய் கொணரும் வெப்பத்தை அலுமினிய இதழ்கள் பரப்ப, விசிறிகள் காற்றோடு கலக்கின்றன.

இவ்வமைப்பு சில்லை அறையின் வெப்பநிலைக்கும் கீழே குளிர்விக்க இயலாது. 25 பாகை செல்சியஸ் அறையில் 65 பாகையில் இயங்கும் சில்லு, அதே வேலையை 38 பாகை அறையில் செய்யும்போது ஏறத்தாழ 78 பாகையை எட்டும். இதழ்களிடையே தூசி அடைந்தாலோ, பசை உலர்ந்தாலோ வெப்பம் மேலும் உயரும். வரம்பை நெருங்கியதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்; மீறினால் கணினி நின்றுவிடும். இது பெரும்பாலும் சில்லின் பழுதன்று; தன்னைக் காத்துக்கொள்ளும் முறையே ஆகும்.

மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, மென்தூரிகையால் தூசியை அகற்றி, உலர்ந்த பசையை மாற்றினால் பல அட்டைகள் மீண்டும் சீராக இயங்கும். காரணம் அறியாது வீசப்படும் அட்டை மின்னணுக் கழிவாகிறது; அறிந்து பேணப்படும் அட்டையோ ஒரு மாணவரின் கல்விக்குப் பல்லாண்டு துணைநிற்கிறது.