கேஸ் கீசரா, ஹீட் பம்ப்பா? அப்பாவின் வெந்நீர்க் கணக்கு

போன வாரம் டொராண்டோவிலிருந்து சித்தி பையன் கூப்பிட்டான். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் படுத்துவிட்டதாம். "புது ஃபர்னஸே போடவா, ஹீட் பம்ப்புக்கு மாறவாண்ணே?" கே.கே. நகர்ல ஃபேனை நிறுத்தவே யோசிக்கிற ஆள்கிட்ட கேக்கிறான்! ஆனால் அதே வழக்கு எங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மூட்டுவலி, மார்கழியில் வெந்நீர் வேண்டும். கேஸ் கீசர் வாங்கலாம் என்பது அப்பா கட்சி. ஹீட் பம்ப் என் கட்சி.

ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பிப் போட்டதுதான். வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். சூட்டை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், 1 யூனிட் கரண்டுக்கு நம்ம ஊரில் சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும். வெளியே குளிர் ஏற ஏற இது குறையும்.

இனி கணக்கு. 1 யூனிட் சூடு 860 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி ஏற்றும். நாலு பேருக்கு 120 லிட்டர், 26 டிகிரியிலிருந்து 40 வரை என்றால் தினம் 2 யூனிட்.

14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட் சூடு இருக்கிறது. 80 சதவீதம் தண்ணீரில் இறங்கினால் 145. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் யூனிட் 6 ரூபாய்ச் சொச்சம். கரண்டையும் 6 ரூபாய் என்று வைத்தால் சாதா கீசருக்கும் அதே செலவுதான். ஹீட் பம்ப்புக்கு 2 ரூபாய்.

அப்ப ஹீட் பம்ப்தானே? நானும் அப்படித்தான் குதித்தேன். ஆனால் தினம் மிச்சம் 8 ரூபாய். திருச்சியில் வெந்நீர் தேவைப்படுவது நாலு மாசம். சித்திரையில் மொட்டைமாடி டேங்க் தண்ணியே கொதிக்குது. வருஷத்துக்கு 960 ரூபாய். கூடுதல் விலை 50,000 என்றால் ஈடுகட்ட 52 வருஷம்! என் கட்சி அங்கேயே தோற்றது. ஊட்டி வீட்டுக்கோ, நாள் முழுக்க வெந்நீர் ஓடும் ஹாஸ்டலுக்கோ கணக்கு வேறு.

அப்பா கட்சி தோற்றதற்குக் காரணம் காசு இல்லை. எங்கள் குளியலறையில் கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அடைத்து வைத்திருக்கிறோம். காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடலாம். இப்படி உயிர்ப்பலிகள் நடந்திருக்கின்றன. உள்ளே தாழ் போட்டுக் குளிக்கும் எழுபது வயசுக்காரருக்கு அது வேண்டாம்.

சாதா கரண்ட் கீசரே வாங்கினோம். கூடவே எர்த்தும், கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். போர் தண்ணி உப்பு என்பதால் வருஷம் ஒருமுறை காயிலைச் சுத்தம் செய்ய வேண்டும்.

தம்பிக்குச் சொன்னது: கரண்ட் விலையை 3-ஆலும், கடுங்குளிர் நாட்களுக்கு 2-ஆலும் வகு, கேஸ் விலையை 0.95-ஆல் வகு, எது குறைச்சல்னு பாரு. உனக்கு ஆறு மாசம் வீடு முழுக்கச் சூடு வேணும், கோடையில அதே மெஷின் ஏ.சி. ஆகும். எங்களுக்கு ஒத்து வராதது உனக்கு ஒத்து வரலாம்டா.