நாலு மில்லிமீற்றர் கோடு… தெரியுமா?

கொள்ளுப்பிட்டியில் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ் என்ற பெயர்ப்பலகையைக் கடந்து போகிறோமே, அந்த அல்பிரட் யார் தெரியுமா? விக்டோரியா மகாராணியின் மகன்! 1870இல் அவர் கொழும்புக்கு வந்தபோது சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா தன் மாளிகையில் தங்கத் தட்டில் விருந்து வைத்தார். மாளிகைக்கே இளவரசரின் பெயர் வந்தது. அதே டி சொய்சாவின் கொடையில்தான் 1879இல் கொழும்பில் ஒரு பிரசவ விடுதி திறந்தது. இன்றைக்கும் கின்சி வீதியில் டி சொய்சா மகளிர் வைத்தியசாலையாக அது நடக்கிறது! அதற்கு முன்பே, 1857இல், மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மகப்பேற்று மருத்துவ நூலைத் தமிழிலேயே அச்சிட்டுவிட்டார். கருப்பையைப் பற்றித் தமிழில் வெளிப்படையாகப் பேச நமக்கு என்ன தயக்கம்?

கருப்பையின் உட்சுவர்ச் சவ்வு இருக்கிறதே, உடம்பில் அதைப் போல இன்னொன்று இல்லை. மாதம் தோறும் ஓரிரு மில்லிமீற்றரிலிருந்து பத்து மில்லிமீற்றர், அதற்கும் மேல் என்று வளர்ந்து, உதிர்ந்து, மறுபடி முளைக்கிறது. ஒரு பெண்ணின் ஆயுளில் ஏறக்குறைய 400 தடவை! கையில் ஒரு வெட்டுப்பட்டால் தழும்பு நிற்கிறது, இங்கே தழும்பே இல்லை!

இவ்வளவு வேகமாக வளரத் தெரிந்த சவ்வுக்கு நிறுத்தவும் தெரிய வேண்டும். ஈஸ்ட்ரஜன் வளர்க்கும், புரொஜெஸ்ட்ரோன் அடக்கும். அடக்குகிறவர் இல்லாமல் வளர்க்கிறவர் மட்டும் வருடக்கணக்கில் இருந்தால் கருப்பை உட்சுவர்ப் புற்றுக்கு வழி திறக்கிறது. மாதவிடாய் நின்றபிறகும் ஈஸ்ட்ரஜன் எங்கிருந்து வருகிறது தெரியுமா? உடம்புக் கொழுப்பிலிருந்து! உடற்பருமனும் நீரிழிவும் இந்த நோயோடு கைகோத்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 1975இல் அமெரிக்காவில் வந்த இரண்டு ஆய்வுகள், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரஜனை மட்டும் தனியாகக் கொடுத்ததால் இந்தப் புற்றின் ஆபத்து பல மடங்கு கூடியதைக் காட்டி உலகையே உலுக்கின.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் அம்மாவுக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். புற்றுநோய் என்றால் ஒளிந்திருந்து தாக்கும் என்றுதானே நினைக்கிறோம்? இது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்! இந்த நோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரத்தப்போக்கு உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அது செய்திதான். 'சூடு', 'வயது போனால் இப்படித்தான்' என்று நம் வீடுகளில் எத்தனை மாதங்கள் கழிகின்றன! அப்படி இரத்தம் கண்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் புற்று; மற்ற ஒன்பது பேருக்கு நிம்மதி. அந்த ஒருவருக்கும், நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது பிடிபட்டால், பெரும்பாலும் குணம்!

எப்படிப் பார்க்கிறார்கள்? உள்வழி ஸ்கேனில் சவ்வு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். இரத்தம் கண்ட பெண்ணுக்கு அந்தக் கோடு நாலு மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் புற்று இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. கூடினால், அல்லது இரத்தம் திரும்பத் திரும்பப் பட்டால், பிப்பெல். பேனை ரீஃபில் பருமனில் ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு மெல்லிய தண்டு. தண்டைப் பின்னால் இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, சவ்வின் துணுக்குகள் சிவப்பு நூல்போலக் குழாய்க்குள் ஏறும். மாதவிடாய் வலிபோல ஒரு பிடிப்பு, சில நிமிடம். பிறகு அந்தத் துணுக்குகள் மெழுகில் உறைந்து, தலைமுடியை விட மெல்லிய சீவல்களாகி, ஹீமட்டொக்சிலின் சாயத்தில் குளிக்கும். அந்தச் சாயம் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து எடுப்பது, தெரியுமா? நல்ல சவ்வில் சுரப்பிகள் இடம் விட்டு நிற்கும். புற்றில் காலி வீதி நூறாம் இலக்க பஸ்ஸில் மாலை நேரத்துச் சனம்போல ஒன்றோடு ஒன்று நெருக்கியடிக்கும்.

'நான் பாப் பரிசோதனை செய்துவிட்டேனே' என்பவர்களே, கவனியுங்கள்! வெல் வுமன் கிளினிக்கில் எடுக்கும் அந்தப் பரிசோதனை கருப்பை வாசலுக்கானது, அவசியமானது; ஆனால் உட்சுவர்ப் புற்றை அது பெரும்பாலும் தவறவிடும். அதைத் தந்த பப்பனிகொலோவ் கினிப்பன்றிகளில் தொடங்கி, மனைவி மேரியிடமிருந்து வருடக்கணக்கில் மாதிரி எடுத்துப் பார்த்தவர். அந்தப் பெண்ணின் பொறுமைக்கு எத்தனை கோடிப் பெண்கள் கடமைப்பட்டிருக்கிறார்கள்!

இன்னொரு பெண். 1895, மிச்சிகன். ஒரு தையற்காரி, தன் குடும்பத்தில் பலர் புற்று வந்து சாகிறார்கள், தனக்கும் அதுதான் என்று ஓல்ட்ரெட் வோர்தின் என்ற நோயியல் வைத்தியரிடம் சொன்னார். சொன்னபடியே கருப்பை உட்சுவர்ப் புற்றில் இறந்தார். வோர்தின் அந்தக் குடும்பத்தின் கதையை 1913இல் எழுதினார். இன்று லிஞ்ச் சின்ட்ரோம் என்று உலகம் அறியும் பரம்பரைக் குறைபாட்டின் முதல் சாட்சி அந்தத் தையற்காரியின் வாய்வார்த்தை!

உச்ச வியப்பு 2013இல். 373 கருப்பை உட்சுவர்ப் புற்றுக் கட்டிகளின் மரபணுவை ஆராய்ந்து நாலு வகையாகப் பிரித்தார்கள். அதில் ஒன்றின் பெயர் போல்-ஈ. மரபணு படியெடுக்கப்படும்போது பிழை திருத்தும் புரூஃப் ரீடரின் பெயர்தான் அது. அந்த ரீடர் கெட்டுப்போன கட்டிகளில் எழுத்துப்பிழைகள் ஆயிரக்கணக்கில்! மிக மோசமாகச் சாகடிக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, நாலு வகையிலும் நன்றாகப் பிழைக்கிறவர்கள் இவர்களே! பிழைகள் அத்தனை கூடியதால் உடம்பின் காவற்படை அந்தச் செல்களை அந்நியர் என்று இனங்கண்டு மொய்த்துவிடுகிறது என்கிறார்கள். நுண்ணோக்கியில் மூன்றாந்தரம் என்று நடுங்கவைத்த கட்டியானாலும், கருப்பையைத் தாண்டாமல் போல்-ஈ மாற்றம் இருந்தால், 2023இல் வந்த சர்வதேச வகைப்பாட்டில் அதற்கு முதலாம் நிலை!