பரம்பரை வேட்டைத் துப்பாக்கி

பரம்பரை வேட்டைத் துப்பாக்கி என்பது உரிமம் பெற்றிருந்த முன்னோரிடமிருந்து வாரிசுக்கு வந்து சேரும் பழைய துப்பாக்கி ஆகும். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பகுதிக் காடுகளில் வேட்டையாடிய எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) பயன்படுத்திய .405 வின்செஸ்டர் ரைபிள், அக்கால வேட்டைத் துப்பாக்கிகளுள் பரவலாக அறியப்பட்டதாகும்.

அடையாளம் காணல்

குழலில் பொறிக்கப்பட்ட தயாரிப்பாளர் பெயர், தோட்டா அளவு, வரிசை எண், சோதனை முத்திரை ஆகியவற்றைக் கொண்டு துப்பாக்கி அடையாளம் காணப்படுகிறது. வரிசை எண் பழைய உரிமத்தில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும்.

மதிப்பு

குழலின் உட்புறத் தேய்மானம், மாற்றப்படாத பாகங்கள், தோட்டா கிடைக்கும் நிலை ஆகியவை விலையைத் தீர்மானிக்கின்றன. வாங்குபவருக்கும் உரிமம் தேவை என்பதால் சந்தை சிறியது.

சட்ட நிலை

உரிமதாரர் இறந்தபின், உரிமம் இல்லாத வாரிசு துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துவிட்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். பரம்பரைத் துப்பாக்கியும் இக்கணக்கில் அடங்கும். உரிமம் கிடைத்தாலும் வேட்டையாட முடியாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது.