பூட்டிய செல்போன்: சாவி யாரிடம்?

புது தில்லி: செல்போனை விலை கொடுத்து வாங்குபவர் ஒருவர், அதில் எந்த நிறுவனத்தின் சேவை இயங்கலாம் என்று தீர்மானிப்பவர் வேறொருவர். இந்த முரண்பாட்டுக்கு நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் நேரடியான விடை இல்லை.

இப்பிரச்னை முதலில் நீதிமன்றம் ஏறியது குற்ற வழக்காகத்தான். ரிலையன்ஸ் இன்போகாம் நிறுவனம் ரூ.10,500 மதிப்புள்ள செல்போனை ரூ.3,350 முன்பணத்துக்கு வழங்கியது. மாதம் ரூ.600 செலுத்தி 3 ஆண்டுகள் தனது சேவையிலேயே தொடர வேண்டும் என்பது நிபந்தனை. அக்கருவிகளின் மின்னணு வரிசை எண்ணை மாற்றி, வாடிக்கையாளர்களைத் தங்கள் பக்கம் இழுத்ததாக டாடா இண்டிகாம் ஊழியர்கள் மீது ஆந்திரத்தில் வழக்குப் பதிவானது.

செல்போனும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி ‘கணினி’யே என்று 2005 ஜூலையில் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் கூறியது. மோசடிக் குற்றச்சாட்டை ரத்து செய்த நீதிமன்றம், கணினி மூல நிரலைத் திருத்துவது தொடர்பான 65-வது பிரிவின் கீழான வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. இப்பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

சலுகை விலையில் கருவி தரும் நிறுவனம், செலவை மீட்கும் வரை பூட்டுப் போடுவதில் நியாயம் உண்டு. ஆனால், 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடபோன் வாயிலாக ரூ.31,000-க்கு விற்பனைக்கு வந்த ஐபோன் 3ஜி-யும் பூட்டுடனேயே வந்தது. இது குறித்த புகாரை 2013 மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது. சந்தையில் போட்டி பாதிக்கப்பட்டால்தான் போட்டிச் சட்டம் தலையிடும். தனி வாடிக்கையாளரின் சிரமம் மட்டும் அதற்குப் போதாது.

2011 ஜனவரி 20 முதல், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நாடெங்கும் கிடைத்தது. எனினும், கருவி பூட்டப்பட்டிருந்தால் அந்த உரிமையால் பாதிப் பயனே. 2017-ல் ரூ.1,500 வைப்புத் தொகைக்கு அறிமுகமான ஜியோபோனிலும் பிற நிறுவன சிம் கார்டுகள் இயங்கவில்லை.

கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் புதிய செல்போன்களைப் பூட்டாமலேயே விற்க வேண்டும். இங்கோ, 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் அடையாள எண்ணைத் திருத்துவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் பூட்டைத் திறந்து தரும் கடமையை நிறுவனங்களுக்கு விதிக்கவில்லை.

ஆகவே, பூட்டு உண்டா, எத்தனை மாதங்களுக்கு, திறந்து தருவது யார் என்பவற்றைக் கையொப்பமிடும் முன்பே கேட்டு, எழுத்தில் பெறுவதே வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு.