வேதாளம் ஏறாத முருங்கை மரம்

இராத்திரி ஒரு சொப்பனம் காண்கிறோம். பாட்டி வீட்டுக் கூடம்தான். ஆனால் நடுவே ரயில் வந்து நிற்கிறது! கனவு நடக்கிற வரையில் அதில் நமக்கு ஆச்சரியமே இல்லை. காலையில் காப்பி கலந்துகொண்டே அதைச் சொல்ல ஆரம்பித்தால், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நாம் திருதிருவென்று விழிக்கிறோம்.

சில படங்கள் நம்மை இப்படித்தான் விழிக்க வைக்கின்றன. 1929-ல் லூயி புனுவெலும் ஓவியர் ஸால்வடார் டாலியும் பாரிஸில் ஒரு குறும்படத்தை வெளியிட்டார்கள். ஆளுக்கொரு கனவுதான் மூலதனம். காரணம் சொல்லி விளக்கக்கூடிய எதையும் சேர்ப்பதில்லை என்று இருவருக்குள்ளும் ஒப்பந்தம்! படத்தின் பெயர் 'ஆண்டலூஸிய நாய்'. அதில் நாயும் இல்லை, ஆண்டலூஸியாவும் இல்லை!

அது சிறு படம், பொறுத்துக்கொள்ளலாம். வாராவாரம் வரும் தொடர் என்றால்?

1990 ஏப்ரலில் அமெரிக்க டெலிவிஷனில் 'ட்வின் பீக்ஸ்' ஆரம்பமாயிற்று. டேவிட் லிஞ்ச், மார்க் ஃப்ராஸ்ட் இருவரின் படைப்பு. மலையோரச் சிற்றூரில் லாரா பால்மர் என்ற பள்ளிக்கூடப் பெண் கொலையுண்டு கிடக்கிறாள். கொன்றது யார்? முதல் நாளே மூன்று கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

துப்பறிய வந்த அதிகாரியோ கனவில் ஒரு சிவப்புத் திரை அறைக்குப் போகிறார்! அங்கே வரும் வசனத்தை நடிகர்கள் பின்னாலிருந்து முன்னாகப் பேச, அதைத் திருப்பி ஓட்டினார்கள். வார்த்தை புரிகிறது, ஆனால் மனிதப் பேச்சாக இல்லை. பழகிய வீட்டில் பழகாத ஒன்று! மயக்கத்தின் ரகசியம் இதுதான்.

ஆனால் கொலை என்றால் விடை வேண்டுமே! வற்புறுத்தல் வலுத்தது. நவம்பரில் கொலையாளியைக் காட்டினார்கள். விக்கிரமாதித்தன் விடை சொன்னால் வேதாளம் முருங்கை மரம் ஏறும். இங்கே விடை வந்த பிறகு ரசிகர்கள் ஏறிவிட்டார்கள்! சனிக்கிழமை இரவுக்குத் தொடரைத் தள்ளியதும் ஒரு காரணந்தான். 1991 ஜூனில் அது நின்றது. பொன் முட்டையிடும் வாத்தைக் கொன்றுவிட்டதாக லிஞ்ச் பிற்பாடு வருந்தினார்.

2017-ல் பதினெட்டுப் பகுதிகளாகத் தொடர் திரும்பி வந்தது. முடிவில் ஒரு கேள்வி, ஓர் அலறல், அவ்வளவே!

கோபித்துக்கொள்கிறவர்கள் பேரில் தப்பில்லை. விடுகதை போட்டவரிடம் விடை கேட்பது நியாயம். ஆனால் கனவு கண்டவரிடம்? நாம் பார்ப்பது எது என்று தெரியாமல் தவிப்பதில்தான் எரிச்சலும் இருக்கிறது. மறுவாரமும் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்கிற ருசியும் இருக்கிறது.