ஒரு சொல்லும் இரு பொருளும்
(ஆங்காங் தேர்தல் பேச்சு, 1993)

ஆட்சி கைம்மாறவிருக்கும் நிலத்தில் தேர்தல் முறையை வகுக்கும் உரிமை யாருக்குரியது? இவ்வினா பற்றிச் சீனமும் பிரிட்டனும் 1993 ஏப்ரல் 22 முதல் நவம்பர் 27 வரை பெய்ஜிங்கில் 17 சுற்றுகள் பேசின, உடன்பாடு பிறக்கவில்லை. அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

1984 டிசம்பர் 19-இல் இரு நாடுகளும் ஒப்பமிட்ட கூட்டறிக்கை, 1997-க்குப் பின் ஆங்காங் சட்டமன்றம் தேர்தலால் அமையும் என்றது. எத்தகைய தேர்தல் என்று கூறிற்றில்லை. 1990-இல் சீனப் பேரவை, அடிப்படைச் சட்டத்தோடு நிறைவேற்றிய தீர்மானத்தில் எண்ணிக்கையை வரையறுத்தது. 60 இடங்களுள் 20 நேர்முகத் தேர்தலுக்கும், 30 தொழில்வழித் தொகுதிகளுக்கும், 10 தேர்தற்குழுவிற்கும் உரியன. 1995-இல் தேர்வுறும் மன்றம் இவ்வமைப்பிற்கு இயைந்திருப்பின், உறுப்பினர் உறுதிமொழியும் ஒப்புதலும் பெற்று 1999 வரை தொடரலாம். இதனை 'இடைமாறா வண்டி' என உருவகித்தனர்.

1992 அக்டோபரில் ஆளுநர் கிறிஸ் பேட்டன் புதிய திட்டத்தை வெளியிட்டார். எண்ணிக்கையை அவர் மாற்றவில்லை, வாக்காளரையே மாற்றினார். முன்னைத் தொழில்வழித் தொகுதிகள் சிலவற்றில் நிறுவனங்களே வாக்களித்தன. புதிய ஒன்பது தொகுதிகளையோ அவர் உழைப்போர் அனைவர்க்கும் உரியவாக்கினார். தொழில்வழித் தொகுதி என்பதற்கு வழக்கால் நிலைபெற்ற பொருள் உண்டு என்றது சீனம். மூலம் அதனை விலக்கவில்லை என்றது பிரிட்டன். மூலம் பேசாதிருந்த இடத்தில் இருதிறத்தாரும் தத்தமக்கேற்ப உரை வகுத்தனர் என்பதே நம் கருத்து.

நம்பிக்கையின்மையே தோல்விக்குக் காரணம் என்பாரும் உளர். அது பொருந்துமாயினும், சொற்பொருள் தெளிவாயிருப்பின் ஐயம் இத்துணை வளர்ந்திராது. காலமும் நெருக்கியது, 1994 செப்டம்பரில் மாவட்ட மன்றத் தேர்தல் நடைபெற வேண்டியிருந்தது.

பேச்சு முறிந்தபின் 1994 ஜூனில் திட்டம் சட்டமாயிற்று. ஆகஸ்டு 31-இல் சீனம், அம்மன்றம் 1997 ஜூன் 30-உடன் முடிவுறும் என அறிவித்தது. 1995 செப்டம்பர் 17-இல் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஈராண்டும் நிறையாமல் கலைந்தது. 400 பேர் கொண்ட குழு 1996 டிசம்பரில் தேர்ந்த இடைக்கால மன்றம் அதனிடத்தைப் பெற்றது. 1998 தேர்தலில் அவ்வொன்பது தொகுதிகளின் அகன்ற வாக்குரிமை மீளவில்லை.

சொல்லைப் பொதுவாக விடுத்தமையால் 1984-இல் உடன்பாடு எளிதாயிற்று. அவ்வெளிமையின் விலையைப் பின்னர்த் தந்தோர், பேச்சில் இடம்பெறாத வாக்காளரே எனலாம்.